முதல் சேனலில் அத்தை

சின்ன மாப்பிள்ளைக்குத் தொழில் மூக்குக்கண்ணாடி. காலையில் கடையைத் திறந்தால் மாலை வரை யார் மூக்கில் எது சரியாக உட்கார்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. பாட்டுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, மாமனார் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், மேடை ஓரத்தில் மண்டியிட்டு, தோளில் எட்டு வயர்களைப் போட்டுக்கொண்டு இருந்ததற்குக் காரணம் மாமனார் கேட்ட ஒரே கேள்வி.

"கண்ணாடிக்குக் கடுகளவு ஸ்க்ரூ மாட்டறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

வழக்கமாக ஒலிபெருக்கி பார்க்கிறவர் காலையில்தான் போன் செய்திருந்தார். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாராம். மிக்சரும் மைக்கும் ஸ்பீக்கரும் பொது அறை அலமாரியில் இருக்கின்றன, யாராவது பார்த்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். நான்கு மணிக்குக் குடியிருப்போர் ஆண்டுக் கூட்டம். அதில் அத்தை பாடுவதாக ஏற்பாடு.

அத்தை என்றால் சின்ன மாப்பிள்ளையின் மாமியார். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அதை ஊதி யாரும் பார்த்ததில்லை. மைதானத்தின் இந்த மூலையில் நின்று "ஏய்" என்றால் அந்த மூலையில் ஓடுகிறவன் அப்படியே நிற்பான். அதே தொண்டையில்தான் பாட்டும் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் கழுத்தில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டி போனது, குரலுக்குப் போகிற நரம்பு ஒன்றும் கூடவே சோர்ந்துவிட்டது. இப்போது அவர் பேசினால் காகிதத்தோடு காகிதம் உரசுகிற சத்தம்தான் வரும். எதிரில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால் பாதி புரியும்.

"ஒரு தடவ மேடை ஏறிட்டாங்கன்னா அம்மா பழையபடி ஆயிடுவாங்க" என்று முடிவு செய்தது மூத்த மகள். பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். அம்மா கல்லூரி நாளில் பரிசு வாங்கிய அதே பாட்டு, அதே நாலு கட்டைச் சுருதி. கீபோர்டு மாமனார். கிட்டார் பெரிய மாப்பிள்ளை. அத்தைக்கு ஒரு மைக், கூட ஒத்துப் பாட மூத்த மகளுக்கு ஒரு மைக். நான்கையும் மிக்சரில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மிக்சர் ஒரு நோட்டுப் புத்தக அளவுதான் இருந்தது. முகமெல்லாம் குமிழ்கள், தலையெல்லாம் துளைகள். இடது ஓரத்தில் மூன்று துளை கொண்ட வட்ட வாய்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே பெரிய பின் நுழைகிற ஒற்றைத் துளை. வலப்பக்கம் இன்னும் நான்கு ஒற்றைத் துளைகள். கையேடு ஏழு மொழிகளில் இருந்தது. ஏழிலும் முதல் பக்கம் முழுக்க, மழையில் நனைக்காதே, குளியலறையில் வைக்காதே என்ற புத்திமதி. குளியலறையில் இதை வைத்து என்ன செய்வான் ஒருவன் என்று யோசித்தபடி சின்ன மாப்பிள்ளை இரண்டாம் பக்கத்தைத் திருப்புவதற்குள் பெரிய மாப்பிள்ளை வயர்களைச் செருக ஆரம்பித்துவிட்டார்.

பெரிய மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். "சகல, கரண்ட்டு எங்கிட்டப் பேசும். புஸ்தகத்த மூடுங்க" என்றார்.

"அண்ணே, எது எதுல போகணும்னு ஒரு நிமிஷம் பாத்துடலாமே."

"எது எதுல நுழையுதோ அது அதுலதான் போகணும். இதுக்கு எதுக்குப் படிப்பு?"

மாமனார் அதற்குள் டேப்பை எடுத்துவிட்டார். பணியில் இருந்தபோது நில அளவையாளர். ஓய்வு பெற்றும் டேப் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மேடையின் பின்சுவரிலிருந்து சரியாக மூன்றடி, இரு பக்கமும் சமதூரம் என்று அளந்து, இரண்டு ஸ்பீக்கர்களையும் பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அத்தையை நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, பாட்டு எழுதிய தாளைக் கையில் கொடுத்தார்கள். அத்தை ஏதோ சொன்னார். மூத்த மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மெயின் சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். மாடு ஒன்று சுவருக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி.

"எர்த் சரியில்ல" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"ஸ்பீக்கர ஒரு இஞ்ச் நகத்தணும்" என்றார் மாமனார்.

சின்ன மாப்பிள்ளை ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தார். கீபோர்டு வயர் பாதிதான் நுழைந்திருந்தது. அழுத்தியதும் 'டக்' என்று உள்ளே போனது, மாடு வாயை மூடியது. அடுத்துக் கிட்டாரில் சத்தம் வரவில்லை. கால் மணி நேரம் வயர் மாற்றி, துளை மாற்றி, மிக்சரைத் தட்டிப் பார்த்து, கடைசியில் கிட்டாரின் இடுப்பில் இருந்த சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே பேட்டரி வெள்ளையாகப் பொங்கிக் கிடந்தது.

"எப்ப மாத்தினீங்க அண்ணே?"

"இதுக்குப் பேட்டரி வேற இருக்கா?" என்றார் பெரிய மாப்பிள்ளை. ஐந்து வருடமாக அவர் வைத்திருக்கும் கிட்டார். சின்ன மாப்பிள்ளை எழுந்து கீழ்க்கடைக்குப் போய்ப் பேட்டரி வாங்கி வந்தார். மணி இரண்டே முக்கால்.

மைக்குக்கு வந்தபோதுதான் உண்மையான தலைவலி தொடங்கியது. மூத்த மகள் "ஹலோ, ஹலோ" என்று கத்தினால் பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்டது. அத்தை பேசினால் ஒன்றுமே இல்லை. பெரிய மாப்பிள்ளை அந்த மைக்கின் வரிசையில், அதாவது சேனலில், இருந்த குமிழைக் கடைசி வரை திருகினார். 'உஸ்' என்று காற்று வந்தது. மெயின் குமிழையும் திருகினார். 'கீஈஈ' என்று ஓர் ஊளை கிளம்பி அறையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை பொத்தவில்லை, ஒரு கையில் தண்ணீர் டம்ளர், மறு கையில் பாட்டுத்தாள்.

"மைக்கு போயிடுச்சு" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"மைக்கு போகல. எங்க மாட்டியிருக்கீங்கன்னு பாக்கறேன்." சின்ன மாப்பிள்ளை குனிந்தார். மைக் வயரின் நுனியில் ஒரு குட்டி மாற்றியைப் போட்டு, அதைப் பெரிய பின்னாக்கி, வட்ட வாய்க்குக் கீழே இருந்த ஒற்றைத் துளையில் செருகியிருந்தது. "ஏன் அண்ணே, மேல மூணு துளை இருக்கே, அதுதானே மைக்குக்கு?"

"அதுல ஏறல சகல. கீழ ஏறிச்சு. என் டூல் பாக்ஸ்ல இந்த மாத்தி இருந்துச்சு. போட்டேன்."

"அது கீபோர்டு மாதிரி பெரிய சத்தத்துக்கான துளை. மைக்கோட சத்தம் அதுக்குப் பத்தாது. அதான் எவ்வளவு திருகினாலும் காத்து மட்டும் வருது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக் கடையில மைக்கு விக்கறீங்களா?"

"மூணாம் பக்கத்துல படம் போட்டிருக்கான்."

"அப்பறம் நாலாம் பக்கத்துல எனக்குக் கிட்டார் வாசிக்கக் கத்துக் குடுப்பான் போலிருக்கு."

"வாசிக்கத் தெரிஞ்சா சரி" என்று சின்ன மாப்பிள்ளை வாய்க்குள் சொன்னது வெளியே கேட்டுவிட்டது. பெரிய மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். உங்களுக்கு மாட்டத் தெரியல, என் கிட்டார் குத்தமா?" என்றார். மூத்த மகள் கணவனுக்கு ஆதரவாக ஒன்று சொன்னாள். சின்ன மகள், அதாவது சின்ன மாப்பிள்ளையின் மனைவி, இதுவரை நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தவள், தன் கணவனுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வந்து, "நீங்களும் கொஞ்சம் பொறுமையா சொல்லலாம்ல" என்று முடித்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மாமனார் ஸ்பீக்கரை இன்னொரு இஞ்ச் நகர்த்தலாம் என்றார்.

சின்ன மாப்பிள்ளை எழுந்தார். கடையில் வாடிக்கையாளர் ஒரே ஃப்ரேமை நாற்பது தடவை மாட்டிப் பார்த்தாலும் குரல் உயர்த்தாதவர். "எல்லாரும் பத்து நிமிஷம் மேடைய விட்டு இறங்குங்க" என்றார். "யாரும் எதையும் தொடக் கூடாது. டேப்பையும் சேத்துத்தான் மாமா."

அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் இறங்கினார்கள். இறங்கி, கீழே நின்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டார்கள். அத்தை மட்டும் நாற்காலியில் இருந்தார். அவரை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஊளைக்குப் பயந்து சின்ன மாப்பிள்ளை முதலில் ஸ்பீக்கர்கள் இரண்டையும் அணைத்தார். மைக் வயரிலிருந்து மாற்றியைக் கழற்றி எறிந்தார். மூன்று முள் தலையை வட்ட வாயில் வைத்து லேசாகத் திருப்பினார். வாயின் விளிம்பில் இருந்த பள்ளம் சேர்ந்ததும் 'க்ளிக்' என்று பிடித்துக்கொண்டது. பலம் போட்டுத் தள்ளிய இடத்தில் ஒரு சின்னத் திருப்பல்தான் தேவைப்பட்டது. எல்லாக் குமிழ்களையும் கீழே இறக்கினார். அலமாரியில் இருந்த நீள வயர் ஹெட்ஃபோனை மிக்சரில் செருகிக் காதில் மாட்டினார். கையேடு சொன்னபடி முதல் சேனலின் உச்சியில் இருந்த குமிழை, அதாவது மைக்கின் சத்தத்தை உள்ளே இழுக்கிற குமிழை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

முதலில் மின்விசிறியின் இரைச்சல். பிறகு டம்ளர் நாற்காலிக் கையில் மோதிய சத்தம். பிறகு, யாரோ காதருகே வாய் வைத்துப் பேசுவது போல, ஒரு குரல்.

"...இந்த ஃபேன நிறுத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது. செவிடன் காதுல ஊதின சங்கு. வாயத் தெறந்தா தண்ணியக் குடுக்கறா. மூணு டம்ளர் ஆச்சு. இனி பாட்டு வராது, பாத்ரூம்தான் வரும்."

சின்ன மாப்பிள்ளையின் கை குமிழிலேயே நின்றது. தலை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். ஐந்தடி தூரத்தில் அத்தை பாட்டுத்தாளைப் பார்த்தபடி இருந்தார். உதடு லேசாக அசைந்தது. ஐந்தடி தூரத்தில் அது ஒன்றுமே இல்லை. காதில் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"நாலு கட்டையாம் நாலு கட்டை. எனக்குத் தெரியாதா என் தொண்டையில எத்தன கட்டை இருக்குன்னு. யாராவது கேட்டாங்களா? ரெண்டு வருஷமா யார் என்ன கேட்டா. ரெண்டு மாப்பிள்ளையும் அவங்க மாமனாரும் சேந்து ஒரு பல்பு மாத்தச் சொன்னா வீட்ட இருட்டாக்கிட்டு வருவாங்க. பாட்டு வேற. எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. புதுக் கண்ணாடி போட்டதுலேருந்து இப்படித்தான். ஆறு மாசமாச் சொல்றேன். சின்ன மாப்பிள்ளைகிட்டச் சொன்னா, 'ஆமாங்கத்தை, நல்லாயிருக்கு'ங்கறார். நல்ல மனுஷன்தான். என்ன பண்றது."

சின்ன மாப்பிள்ளைக்கு முகத்தில் யாரோ வெந்நீர் ஊற்றியது போல் இருந்தது. மற்றவர்கள் மேல் மதியத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த எரிச்சல் முழுக்க இப்போது திரும்பி அவர் மேலேயே விழுந்தது. அந்தக் கண்ணாடியைச் செய்தது அவர். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேஜையில் அத்தை தன் கண்ணாடியைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்வதும், நன்றி சொல்கிறார் என்று இவர் எண்ணிக்கொள்வதும், தலையாட்டிப் பதில் சொல்வதும் நினைவுக்கு வந்தன. கேட்காத வார்த்தைக்குப் பதில் சொல்லியே ஆறு மாதம் ஓட்டியிருக்கிறார்.

எழுந்து போய் முதலில் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு அத்தையின் நாற்காலி அருகே வந்து உட்கார்ந்து, காதில் இருந்த ஹெட்ஃபோனை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அத்தை, கேக்குது."

அத்தை அவரையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்பலேருந்து?"

"ஃபேன்லேருந்து."

"பல்பு?"

"அதுவும்."

அத்தையின் தோள் குலுங்கியது. சிரிப்புக்குச் சத்தமில்லை, ஹெட்ஃபோனில் மட்டும் காற்றுக் காற்றாக வந்தது. சிரித்து முடித்து, "தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை" என்றார்.

"நாந்தான் தப்பு பண்ணியிருக்கேன். கண்ணாடிய நாளைக்கே பாக்கறேன். இப்ப என்ன பண்ணணும், சொல்லுங்க."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னதெல்லாம் விளையாட்டு ஆசிரியை சொன்னது. சின்ன மாப்பிள்ளை மேடை ஓரத்தில் நின்று ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார்.

"ஸ்பீக்கர் ரெண்டும் மேடைக்கு முன்னால, ஜனங்களப் பாத்து. முதுகுக்குப் பின்னாடி வச்சா மைக்கு அதையே திருப்பிக் கேட்டு ஊளையிடும். இது நானும் சொல்றேன், அத்தையும் சொல்றாங்க. மாமா, சுருதிய ரெண்டு கட்டைக்கு இறக்கணும்."

"ரெண்டா?" என்றார் மாமனார்.

"இது யாரு சொன்னது?" என்று மூத்த மகள் மேடையேறினாள். "அந்தப் பாட்டு நாலு கட்டையிலதான் எடுக்கும். அம்மா நாலு கட்டையிலதான் பாடுவாங்க. உங்களுக்கு இதப்பத்தி என்ன தெரியும்?"

சின்ன மாப்பிள்ளை வாதாடவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். "நீங்களே கேளுங்க."

அத்தை மகளைப் பார்த்து மைக்கில் பேசினார். என்ன சொன்னார் என்று மற்ற யாருக்கும் கேட்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார். மூத்த மகளின் உதடு முதலில் மறுக்கத் திறந்தது, பிறகு மூடியது. அவள் அழத் தொடங்கியபோது அத்தை கையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டு, வாங்கிக் குடித்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று தங்கை கேட்டாள்.

"பழைய குரலத் தேடிட்டிருக்காத, அது போயிடுச்சு, இருக்கற குரலுக்கு ஒரு பாட்டுப் பாருன்னாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்பறம், எங்கூட ஒத்துப் பாட வேணாம், நீ பாடினா என் குரல் கேக்காதுன்னாங்க."

இரண்டாம் மைக்கைச் சின்ன மாப்பிள்ளை சத்தமில்லாமல் கழற்றினார்.

பாட்டும் மாறியது. தாள் தேவைப்படாத ஒன்று. மகள்களைத் தூங்கவைக்க அத்தை வாய்க்கு வந்ததைச் சேர்த்துக் கட்டியது. இரண்டு மூன்று சுரங்களுக்குள் மேலும் கீழும் போகும். பெரிய மாப்பிள்ளை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்கு எத்தன கார்டு புடிக்கணும் சகல?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மூணு போதும்னு சொன்னாங்க. தெரியாதத விட்டுடச் சொன்னாங்க."

"அப்ப ரெண்டு" என்றார் அவர். கோபம் போயிருந்தது. ஸ்பீக்கர்களைத் தூக்கி முன்னால் வைக்கும்போது கனமான பக்கத்தை அவரே பிடித்தார்.

நான்கு மணிக்கு அறை நிறைந்தது. செயலாளர் அறிக்கை படித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. பின்வரிசையில் குழந்தைகள் நாற்காலிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அத்தை மேடையேறியபோது அரைகுறையாகக் கை தட்டினார்கள். குரல் போனது எல்லோருக்கும் தெரியும். சின்ன மாப்பிள்ளை மிக்சர் முன் உட்கார்ந்து முதல் சேனலில் விரல் வைத்துக்கொண்டார். மாமனாரின் கீபோர்டு மெதுவாகத் தொடங்க, அத்தை பாடினார்.

அழகான குரல் என்று யாரும் சொல்ல முடியாது. சொரசொரப்பும் மூச்சுமாக, ஒவ்வொரு வரியின் முடிவிலும் நூல் அறுகிற மாதிரி வந்தது. ஆனால் சுருதி விலகவில்லை, சொல் ஒவ்வொன்றும் கடைசி நாற்காலி வரை போயிற்று. நான்காவது வரியில் பெரிய மாப்பிள்ளை ஒரு கார்டைத் தவறவிட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார். அடுத்த வரியில் அத்தையின் குரல் நடுவிலேயே நின்றது. சின்ன மாப்பிள்ளை குமிழை ஏற்றப் போனார். அத்தை அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு மூச்சு வாங்கி, மைக்கை நோக்கி, "இன்னைக்கு இவ்வளவுதான்" என்றார்.

கைதட்டல் தொடங்குவதற்குள் பின்வரிசைக் குழந்தைகளின் ஓட்டம் மட்டும் தடதடவென்று கேட்டது.

"பின்னாடி ஓடறவங்க" என்றார் அத்தை, அதே உரசல் குரலில், இரண்டு ஸ்பீக்கர்களின் வழியாக. "உக்காருங்க."

குழந்தைகள் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். சாவிக் கொத்தோடு நின்றிருந்த செயலாளரும் உட்கார்ந்தார். அப்புறம்தான் கைதட்டல் வந்தது. அது ஓய நேரம் எடுத்தது.

கண்ணாடியை மறுநாள் சோதித்தபோது இடது பக்க லென்ஸின் கோணம் பிசகியிருந்தது. மாற்றிக் கொடுத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தார். புதன்கிழமை பெரிய மாப்பிள்ளை கடைக்கு வந்து, பொது அறையில் இருப்பது போலவே ஒரு மிக்சர், ஒரு மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கப் போகிறோம், துளை பார்த்து வாங்க நீங்களும் வாருங்கள் என்றார். யாருடைய உத்தரவு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்தில், அத்தைக்கு முன்னால், மைக் ஸ்டாண்டு நின்றது. வயர் மேஜைக் கால் வழியாக ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. கட்டியது பெரிய மாப்பிள்ளை, தூரம் அளந்தது மாமனார். இரண்டு வருடத்துப் பேச்சு அன்றைக்கு ஒரே பகலில் வந்தது. மாமனார் சட்டைக் காலர், மூத்த மகள் பிள்ளையை அதட்டும் விதம், சின்ன மகளின் தலைமுடி, சாம்பாரில் உப்பு, ஒன்றும் தப்பவில்லை. பதில் சொல்ல எவராவது வாயைத் திறந்தால் அத்தை குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். குமிழ் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்பது போல மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

இரண்டரை மணிக்கு ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது.

"எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னா கிளம்புங்க" என்றார் அத்தை. "எனக்குத் தூக்கம் வருது."